செம்பனைக்குள் நுழையாத அலைக்கு என்ன விலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மற்ற நாடுகளைப் போல மலேசியாவும் கைப்பேசிச் சேவைக்கான வானொலி அலைகளை, அதாவது அலைக்கற்றையை, ஏலம் விட்டால் கஜானா நிரம்புமே, ஏன் விலை வைத்து ஒதுக்கிக் கொடுக்கிறார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சுங்கை சிப்புட் போன்ற செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டப்புற ஊர்க்காரர்கள் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கொடுக்கும்போது என்ன நிபந்தனை போட்டார்கள்?

ஏலம் நடக்கும் விதம் இதுதான். அலைக்கற்றையைத் துண்டுகளாக்கி, பெரும்பாலும் 5 மெகாஹெர்ட்ஸ் அளவில், ஒவ்வொன்றுக்கும் அடிப்படை விலை வைப்பார்கள். முன்பணம் கட்டிய நிறுவனங்கள் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே நேரத்தில் சுற்றுச் சுற்றாகக் கேட்கும். ஒரு சுற்றில் கேட்காமல் வேடிக்கை பார்த்தால் அடுத்த சுற்றில் கேட்கும் தகுதி குறைந்துவிடும். கடைசியில் புகுந்து அடிக்கலாம் என்று பதுங்கியிருப்பவருக்கு இதுதான் கடிவாளம். எந்தத் துண்டுக்கும் புதுக் கேட்பு வராத சுற்றோடு ஏலம் முடியும். 2000-இல் பிரிட்டன் 5 உரிமங்களை இப்படி விற்றபோது 150 சுற்று ஓடியது. சேர்ந்த பணம் ஏறத்தாழ 2,247 கோடி பவுண்டு.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1990-இல் நியூசிலாந்து, வென்றவர் இரண்டாவது ஆள் கேட்ட விலையைக் கட்டினால் போதும் என்று வைத்தது. அடிப்படை விலை வைக்க மறந்தது. 1,00,000 டாலர் கேட்ட நிறுவனம் ஒன்று 6 டாலரைக் கட்டிவிட்டு உரிமத்தோடு போனது! இந்தியாவில் நேர்மாறு. 2016-இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, ஒரு மெகாஹெர்ட்ஸ் 11,485 கோடி ரூபாய் என்று வைத்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. 2021-லும் போணியாகவில்லை. 2022-இல் 3,927 கோடிக்கு இறக்கிய பிறகுதான் ஜியோ நிறுவனம் எடுத்தது. வெகுதூரம் எட்டும் அலைவரிசை அத்தனை காலமும் சும்மா கிடந்தது.

தோட்டத்தில் ஏலக் கூட்டு (ஏலச்சீட்டு) பிடித்தவர்களுக்கு அடுத்த கோளாறு எளிதில் புரியும். தவணைதானே என்று அளவுக்கு மீறித் தள்ளி எடுப்பவர், தவணை வரும்போது கை விரிப்பார். 1996-இல் அமெரிக்காவில் நெக்ஸ்ட்வேவ் நிறுவனம் சுமார் 470 கோடி டாலருக்கு உரிமங்களை எடுத்து, 1998-இல் திவாலானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2003-இல்தான் முடிந்தது. அதுவரை அந்த அலைக்கற்றை பெரும்பாலும் சும்மா கிடந்தது.

நம் நாட்டில் 2016-இல் 900, 1800 மெகாஹெர்ட்ஸை 4 நிறுவனங்களுக்குப் பங்கிட்டபோது ஏலம் இல்லை. முதலில் ஒரு தொகை, பிறகு ஆண்டுக் கட்டணம் என்று விலை வைத்தே கொடுத்தார்கள். 2019 அக்டோபர் 31-இல் பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு முழுவதுமாக நின்ற பிறகு 700 மெகாஹெர்ட்ஸும் கைப்பேசிக்குக் கிடைத்தது. நமக்கு வேண்டியது அதுதான். அதன் அலைநீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 5ஜி-க்குப் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸில் வெறும் 8.6. சாதாரண ஆன்டெனாவை வைத்துப் பார்த்தால், திறந்த வெளியிலேயே ஒரே தூரத்தில் 3,500-இன் அலை 25-இல் ஒரு பங்கு வலுவோடுதான் வந்து சேரும். நடுவில் மழையில் நனைந்த செம்பனை மட்டைகள் வரிசை வரிசையாக நின்றால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தை லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டின்) தகரக் கூரை பார்த்துக்கொள்ளும்.

இங்கேதான் நிபந்தனை வருகிறது. 5ஜி-க்கு வைத்த இலக்கு, மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காடு. தோட்டத்தில் வீடுகள் ஒரே மூலையில் இருக்கும். குலை வெட்டுபவர் நாள் முழுக்க நிற்பது ஆளில்லாத செம்பனைக் காட்டில். குடியிருப்பை மட்டும் எண்ணும் கணக்கில் அந்தக் காடு வராது. விழுந்து கால் ஒடிந்தவர் அங்கிருந்து அவசர எண் 999-ஐ அழைக்க முடியுமா என்று எந்த விழுக்காடும் சொல்லாது.

2010-இல் ஜெர்மனி 800 மெகாஹெர்ட்ஸை ஏலம் விட்டபோது வரிசையையே தலைகீழாக்கியது. 5,000 பேருக்குள் வாழும் சிற்றூர்கள் முதலில். குறித்த ஊர்களின் மக்களில் 90 விழுக்காட்டினருக்குச் சேவை போன பிறகுதான் அடுத்த அளவு ஊர்கள். பெருநகரம் கடைசி. நம் ஒதுக்கீட்டிலும் அப்படி எழுதலாம். ஏலம் வேண்டும் என்பதுகூட இல்லை. தோட்டச் சாலை, எடை போடும் இடம், லயத்து வீட்டின் உட்புறம் என்று அளக்கும் இடங்களைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும்.

அதுவரை புகார் கொடுப்பவர்கள் 'லைன் இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அமைப்புகளுக்குள் 'போன் பற்றி', அதில் 'சிம் நிலை' என்று போனால் அலையின் வலுவைக் காட்டும் டிபிஎம் (dBm) கணக்கில் ஒரு எண் தெரியும். 4ஜி-யில் −90 நல்லது. −110-க்குக் கீழே அழைப்பு திணறும். −120 என்றால் அநேகமாக அறுந்துவிடும். 10 குறைந்தால் வலு பத்தில் ஒன்றாகிறது என்று பொருள். வாசலில், அறைக்குள், செம்பனைக் காட்டில் என மூன்று இடத்தில், மழை நின்ற உடனே ஒருமுறையும் வெயிலில் ஒருமுறையும் பார்த்து, நேரத்தோடும் வரைபடப் புள்ளியோடும் படம்பிடித்து மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு அனுப்புங்கள். எந்த நிறுவனத்தின் சிம் என்பதையும் குறிப்பிடுங்கள். ஒரே கோபுரத்தில் ஒன்றுக்கு −85-உம் இன்னொன்றுக்கு −115-உம் காட்டுவது உண்டு.

இப்படிக்கு,
தோட்டப்புற வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்