சிங்கப்பூர் பயணம்: ஞாயிறு கூட்டம்

நண்பர்களே, வணக்கம். பயணச் செலவு பற்றிப் பேச வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு கிருஷ்ணகிரியில் என் வீட்டு மாடியில் கூடுகிறோம்.

1. பாஸ்போர்ட் நகல் கொண்டு வாருங்கள். பயண நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

2. சிங்கப்பூருக்குள் நுழையத் தேவையான வருகை அட்டையை (SG Arrival Card) அங்கே இறங்கும் முன், இறங்கும் நாளோடு சேர்த்து 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணமே கிடையாது. அதற்குக் காசு கேட்கும் தளத்தில் என் அக்கா ஒருமுறை ஏமாந்தார், தயவுசெய்து கவனம்.

3. சாப்பாட்டுக்கு தேக்கா சென்டர் மாதிரி உணவங்காடிகள்தான் மலிவு. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், காலி பாட்டில் போதும்.

4. மெட்ரோ ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், அபராதம் உண்டு.

5. பெங்களூரு விமான நிலையத்துக்கு எல்லோரும் ஒரே வேனில் போகலாம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று சனி இரவு 8 மணிக்குள் இங்கே பதிலிடுங்கள். வேன் பேச வேண்டும்.