மாமாவிடம் சொல்லிவிடு, கார் இப்போதைக்கு இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று போனில் "சரி, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாய். நீ "உன் இஷ்டம்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. மாமா வந்து உட்கார்ந்து, "வெளிநாட்டுல இன்ஜினியர் வேலை பாக்குறா, சைக்கிள்லயா ஆபீஸ் போறா, ஒரு கார் வாங்க வக்கில்லையா" என்று கேட்டிருப்பார். நீயும் பதில் சொல்லத் தெரியாமல் காபி போட எழுந்து போயிருப்பாய். போனில் சொன்னால் பாதியில் சண்டையாகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். அவருக்கும் படித்துக் காட்டு.

முதலில் அந்த வக்கு விஷயம். இந்த நெதர்லாந்தில் 14 வருஷம் பிரதமராக இருந்த மார்க் ரூட்டே சைக்கிளில்தான் ஆபீஸ் போவார், மன்னரைப் பார்க்கப் போகும்போதும் அதே சைக்கிள்தான். என் மேனேஜர் சைக்கிள், பாப்பாவுக்கு ஊசி போடும் நர்ஸ் சைக்கிள், எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பதை நெருங்கும், அவரும் பேட்டரி வைத்த சைக்கிளில் என்னை முந்திக்கொண்டு போகிறார். இங்கே மனிதர்களைவிட சைக்கிள்கள் அதிகம், 1 கோடியே 80 லட்சம் பேருக்கு 2 கோடியே 30 லட்சம் சைக்கிள். அதனால் இங்கே யாரும் யாரையும் சைக்கிளை வைத்து எடை போடுவதில்லை. மாமாவின் ஸ்கார்ப்பியோ இங்கே வந்தால் நிறுத்த இடம் கிடைக்காமல் அவர்தான் சுற்றிக்கொண்டிருப்பார் (இதைப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி).

சரி, எப்படிப் போகிறேன் என்று சொல்கிறேன். நாங்கள் இருக்கும் ஸ்ட்ரைப், ஐந்தோவன் நகரத்தில் பழைய பிலிப்ஸ் தொழிற்சாலை இருந்த பகுதி. ஆபீஸ் பக்கத்து ஊரான வெல்தோவனில், ஏழு கிலோமீட்டர் இருக்கும். சைக்கிள் பாதை சிவப்பு நிறத் தார், கார் சாலையோடு ஒட்டாமல் நடுவில் புல்லும் மரமும் விட்டுத் தனியாகப் போகும், அதற்கென்று தனி சிக்னல் உண்டு. வழியில் ஹோவன்ரிங் என்று ஒன்று வரும், அதை உனக்குக் காட்ட வேண்டும். நாலு பக்கமும் கார் போகும் பெரிய சந்திப்பு, அதற்கு மேலே அந்தரத்தில் ஒரு வட்டப் பாலம், ராட்டினத்தைப் படுக்கப் போட்ட மாதிரி. நடுவில் 70 மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பம், அதிலிருந்து 24 இரும்பு வடங்கள் இறங்கிப் பாலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். 2012-ல் திறந்தார்கள். கார் கீழே, நாங்கள் மேலே. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், மிதிப்பவர்களுக்கு ஏற்றம் செங்குத்தாகிவிடக் கூடாது என்று கீழே இருக்கும் கார் சாலையை ஒன்றரை மீட்டர் தோண்டி இறக்கியிருக்கிறார்கள். கார்க்காரன் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போகட்டும், அவனிடம் இன்ஜின் இருக்கிறது!

வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் கதவு வரை இருபத்தைந்து நிமிஷம், கூடினால் முப்பது. காரில் போனால் பத்து பன்னிரண்டு நிமிஷம்தான் என்று மேப் சொல்லும். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. காலை எட்டரைக்கு வெல்தோவன் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், அந்த ஊரில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், அப்புறம் பார்க்கிங்கில் சுற்ற வேண்டும், நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். சைக்கிளில் வேகம் குறைவு, ஆனால் என்றைக்கும் அதே நேரம். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மீட்டிங்குக்கு ஓடுகிறவளுக்கு அதுதான் முக்கியம்.

பணக் கணக்கும் மாமாவுக்குப் பிடிக்கும். என் சைக்கிள் செகண்ட் ஹேண்ட், இருநூறு யூரோ. கார் என்றால் வாங்குகிற காசு போக, சும்மா வீட்டு முன்னால் நின்றாலும் சாலை வரி, அது வண்டியின் எடை, எரிபொருள், எந்த மாகாணம் என்று பார்த்துப் போடுவார்கள். இன்சூரன்ஸ் தனி. பெட்ரோல் லிட்டர் இரண்டு யூரோவை ஒட்டி வரும். ஊருக்குள் மணிக்கணக்கில் பார்க்கிங் காசு. சைக்கிளுக்கு இது எதுவும் கிடையாது, அதோடு வேலைக்கு வந்து போகும் தூரத்துக்கு ஆபீஸ் கிலோமீட்டருக்கு 23 சென்ட் வரை வரியில்லாமல் தரலாம் என்று சட்டம், கார் என்றாலும் சைக்கிள் என்றாலும் ஒரே மாதிரி. எங்கள் ஆபீஸில் தருகிறார்கள். அதாவது ஒரு நாளைக்கு மூணு யூரோ சொச்சம், இட்லியும் சாம்பாரும் சாப்பிட்ட தெம்பில் மிதித்ததற்கு.

உன் மாப்பிள்ளைக்கு வேலை டென் போஸ் ஊரில். அவர் ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கே நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் ரயில், இறங்கினால் அந்த ஊர் ஸ்டேஷனில் இன்னொரு ஓட்டைச் சைக்கிள் வைத்திருக்கிறார். ஆபீஸ் கூட்டம் இருக்கும் நேரத்தில் சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியாது, மடக்குகிற சைக்கிள் மட்டும் விடுவார்கள், அதனால் நிறையப் பேர் இப்படி இரண்டு ஊரிலும் ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டாவதைக் கேவலமாக வைத்திருப்பதும் ஒரு உத்திதான். சைக்கிள் திருட்டு இங்கே சர்வ சாதாரணம். நல்ல சைக்கிளுக்கு இரண்டு பூட்டு, பின்சக்கரத்தில் நம் ஊர் மாதிரியே வளையப் பூட்டு ஒன்று, கம்பத்தோடு சேர்த்துக் கட்ட சங்கிலி ஒன்று.

மழையைப் பற்றி நீ கேட்டாய். பெய்யும், ஆனால் அடைமழை குறைவு, தூறல்தான் அதிகம். எந்த நிமிஷம் மழை மேகம் நம் தெருவைத் தாண்டும் என்று போனில் ராடார் படம் காட்டும், பத்து நிமிஷம் பொறுத்துக் கிளம்பினால் பாதி நாள் தப்பித்துவிடலாம். மீதி நாளுக்கு மழை பேன்ட். எனக்கு மழையைவிடக் காற்றுதான் எதிரி. இந்த ஊர்க் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும், வெல்தோவன் எங்களுக்குத் தென்மேற்கில் இருக்கிறது, காலையில் முகத்தில் அறைந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது முதுகைத் தள்ளிவிடும் என்பது ஒன்றுதான் ஆறுதல். பனி உறையும் நாட்களில் விடிவதற்கு முன்னாலேயே முக்கியமான சைக்கிள் பாதைகளில் உப்பு தூவிவிடுவார்கள், ஆனாலும் தரை கண்ணாடியாக இருந்தால் நான் பஸ்ஸில் போய்விடுவேன். வீரம் காட்டுவதில்லை, பயப்படாதே.

காரே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அலமாரி வாங்கப் போனால், பாப்பாவுக்கு ராத்திரி காய்ச்சல் அடித்தால், சைக்கிள் உதவாது. அதற்கு மணிக்கணக்கில் எடுக்கிற வாடகைக் கார் தெருமுனையிலேயே நிற்கிறது, லைசென்ஸும் கையில் இருக்கிறது. எரிச்சல் வருவது வேறு ஒன்றுக்கு. பெரிய டயர் போட்ட பேட்டரி சைக்கிளில் பதின்மூன்று பதினாலு வயதுப் பையன்கள், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, சத்தமே இல்லாமல் தோளை உரசிக்கொண்டு போவார்கள். இந்த விஷயத்தில் நான் எதிர்வீட்டுப் பாட்டி கட்சி.

இந்த நாட்டுக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள் பக்தர்கள் என்று நினைத்துவிடாதே. அறுபதுகளில் இங்கேயும் கார் மோகம்தான். இந்த ஐந்தோவனிலேயே டாஃப் கம்பெனி கார் செய்தது, இப்போதும் லாரி செய்கிறது. 1971-ல் ஒரே வருஷத்தில் சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெயர் வைத்து ஒரு இயக்கமே நடத்தினார்கள், தெருவில் உட்கார்ந்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசே சொன்னது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட பாதைகளில்தான் நான் போகிறேன். சட்டமும் அப்படித்தான், பதினாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளை சைக்கிளில் வந்து கார் இடித்துவிட்டால் பிள்ளை மேல் தப்பு இருந்தாலும் நஷ்டஈடு முழுவதும் கார்க்காரர் பக்கம்தான், விதிவிலக்கு ரொம்பக் குறைவு. பள்ளியில் பதினொரு வயது வாக்கில் பிள்ளைகளுக்கு சைக்கிள் ஓட்டுவதில் பரீட்சை வைக்கிறார்கள், நிஜத் தெருவில்.

இதை எழுதும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்த காலத்தில், புதுக்கோட்டைப் பெண்கள் ஊர் ஊராக சைக்கிள் பழகினார்களே, அதில் நீயும் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீரனூர் சந்தை வரைக்கும் போனேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் பாரில் நான். நீ ஏன் விட்டாய்? முழங்கால் வலி என்பாய். எனக்கென்னவோ வலி அப்புறம் வந்ததுதான். திருச்சி ரோட்டை அகலமாக்கி பஸ்ஸும் லாரியும் பறக்க ஆரம்பித்த பிறகுதானே அப்பா சைக்கிளை எடுக்கக் கூடாது என்றார்? அவர் சொன்னதும் நியாயம்தான், அந்த ரோட்டில் பாப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு என்னாலும் போக முடியாது. ஓட்டுகிற கால் அதேதான் அம்மா, ரோடுதான் வேறு.

மே மாதம் நீ வரும்போதும் சைக்கிள்தான், இப்போதே சொல்லிவிட்டேன். பழைய கடையில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், குறுக்கே பார் கிடையாது, செயினை முழுக்க மூடிய கவர், பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் துணி சிக்காமல் இருக்க அகலமான மறைப்பு. இவர்கள் நீளக் கோட்டுக்காக வைத்தது, உன் புடவைக்கும் சரியாக வரும். பிரேக்தான் வேறு, பெடலைப் பின்பக்கம் மிதித்தால் நின்றுவிடும், அதோடு ரோட்டில் வலது பக்கமாக ஓட்ட வேண்டும், முதலில் பூங்காவுக்குள் பழகலாம். சிக்கல் என்னவென்றால் இங்கே எல்லோரும் பனைமர உயரம், சீட்டை எவ்வளவு இறக்கினால் உனக்கு எட்டும் என்று கடைக்காரர் கேட்கிறார். சுவரோடு ஒட்டி நின்று, காலின் உட்பக்கம் தொடை தொடங்கும் இடத்திலிருந்து குதிகால் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அப்பாவை அளக்கச் சொல்லி இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடு, தையல் டேப் பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது.

அன்புடன்,
உன் மகள்