பிரிவினையின் விலையும் 1949-ஆம் ஆண்டுச் சட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 முதல் ஆகஸ்ட் 14, பிரிவினைக் கொடுமைகளின் நினைவு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டி வெளியாகும் கட்டுரைகளில் பிணங்களோடு வந்து நின்ற ரயில்களும், எந்தத் தரப்பு முதலில் ஆயுதம் எடுத்தது என்ற வாதமும் தவறாமல் இடம்பெறுகின்றன. மக்களை முறையாகத் திட்டமிட்டு இடம் மாற்றியிருந்தால் இவ்வளவு இழப்பு நேர்ந்திருக்காது என்று கூறுவோரும் உண்டு. அக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதைக் கலவரம் ஓய்ந்தபின், கடத்தப்பட்ட பெண்களை மீட்பதற்காக 1949-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டமே காட்டுகிறது.

திட்டமிடல் இல்லை என்பது உண்மைதான். எல்லை வகுக்க நியமிக்கப்பட்ட, அதற்கு முன் இந்தியாவுக்கே வந்திராத பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப், 1947 ஜூலை 8-ஆம் தேதி வந்திறங்கி, ஐந்தே வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் கூறு போட்டார். எல்லை அறிவிக்கப்பட்டது ஆகஸ்ட் 17-இல், அதாவது விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து. அதுவரை, பின்னர் இந்தியாவுக்கு வந்த முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும், பாகிஸ்தானுக்குப் போன குல்னாவில் இந்தியக் கொடியும் பறந்தன. மாண்டவர் எத்தனை பேர் என்பதற்கு இரண்டு லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை மதிப்பீடுகள் உள்ளன. இவ்வளவு பெரிய இடைவெளி, அவர்களை எண்ணுவதற்குக்கூட ஆளில்லை என்பதையே சொல்கிறது.

ஆனால் கடத்தப்பட்ட பெண்கள் விஷயத்தில் இரு அரசுகளும் நிதானமாக, உடன்படிக்கை செய்துகொண்டு செயல்பட்டன. இந்தியாவில் ஐம்பதாயிரம் முஸ்லிம் பெண்களும், பாகிஸ்தானில் முப்பத்து மூவாயிரம் இந்து, சீக்கியப் பெண்களும் இருந்ததாக அக்கால அரசு மதிப்பீடு கூறியது. அவர்களில் இந்தியாவில் இருந்தவர்களை மீட்டுப் பாகிஸ்தானுக்கு அனுப்புவதற்கான மசோதாவை 1949 டிசம்பரில் அரசியல் நிர்ணய அவையில் முன்வைத்தவர், தஞ்சை மண்ணில் பிறந்த அமைச்சர் கோபாலசாமி ஐயங்கார். 1947 மார்ச் 1-ஆம் தேதிக்கு முன் முஸ்லிமாக இருந்து, அதன்பின் 1949 பிறப்பதற்குள் குடும்பத்தைப் பிரிந்து, வேறொரு நபருடனோ குடும்பத்துடனோ அல்லது அவர்களின் கட்டுப்பாட்டிலோ வாழ்வதாகக் காணப்படும் பெண், எந்த வயதினராயினும் ‘கடத்தப்பட்டவர்’ என்று அச்சட்டம் வரையறுத்தது. அங்கே அவருக்குப் பிறந்த குழந்தையும் அதே வரையறைக்குள் வந்தது. அதிகாரம் பெற்ற காவலர் பிடியாணையின்றி வீட்டுக்குள் நுழையலாம். முகாமில் வைக்கப்படுவதை எதிர்த்து நீதிமன்றம் செல்ல முடியாது. ஒருவர் கடத்தப்பட்டவரா என்பதில் தகராறு எழுந்தால் தீர்ப்பாயம் முடிவு செய்யும். போக விரும்புகிறாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்கவேண்டிய கட்டாயம் சட்டத்தில் எங்கும் இல்லை. வயதுவந்த பெண்ணின் உரிமையை இப்படிப் பறிக்கலாமா என்று உறுப்பினர் தாகூர் தாஸ் பார்கவா அவையிலேயே கேட்டார், ஆனாலும் மசோதா நிறைவேறியது. 1952-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

மீட்க ஆள் வருமா என்று ஏங்கிக் காத்திருந்த பெண்கள் ஏராளம் என்பதையோ, அப்பணியில் உழைத்தவர்களின் நல்லெண்ணத்தையோ நான் மறுக்கவில்லை. ஆயினும் கொடுமையில் தொடங்கிய உறவே என்றாலும், கையில் குழந்தையோடு ஒரு வாழ்க்கைக்குப் பழகிவிட்டவர்களும் இருந்தனர். அவர்கள் இரண்டாம் முறை பெயர்த்தெடுக்கப்பட்டார்கள், இம்முறை சட்டப்படி. திரும்பி வந்தவர்களையோ பல குடும்பங்கள் ஏற்கத் தயங்கின. ‘களங்கப்பட்டவர்கள்’ என்று அவர்களை ஒதுக்காதீர்கள் என்று காந்தியும் நேருவும் வெளிப்படையாக வேண்டிக்கொள்ள நேர்ந்தது. (அப்படித் தயங்கிய குடும்பங்களின் மானத்தைக் குலைப்பதாக எண்ணித்தான் எல்லையின் இருபுறமும் பெண்கள் சிதைக்கப்பட்டார்கள்.)

கிழக்கு வங்கத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்த அகதிகளின் கதை இன்னொரு நீண்ட கடிதத்துக்குரியது. இங்கு நான் சொல்ல வந்தது, மதத்தை வைத்து நாட்டைப் பிரித்தபின் ஒவ்வொரு மனிதருக்கும் அவருடைய மதமே முகவரியாகிவிடுகிறது என்பதையும், அந்த முகவரியை எழுதும் உரிமை அவரிடம் இருப்பதில்லை என்பதையும்தான். அமைதியாக, கோப்புகளோடும் முத்திரைகளோடும் நடந்தாலும் இதுவே நடக்கும். அச்சட்டம் 1957 வரை நடைமுறையில் இருந்தது.

வரும் ஆகஸ்டில் தங்கள் நாளிதழ் சிறப்புப் பக்கம் வெளியிடுமானால், அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளையும், அதன்மீது அவையில் நடந்த விவாதத்தையும் தமிழில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்