'முதன்முதலாக' என்று அச்சடிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் கொங்கு மண்ணின் பந்தயங்களைப் பற்றி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே கட்டுரையில் 'முதன்முதலாக' என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. முதன்முதலாக மோட்டார் பந்தயம், முதன்முதலாக ரேக்ளா, முதன்முதலாக அது, இது. நாலில் ஒன்றுக்குக்கூடத் தேதி இல்லை. இடமும் 'அந்தக் காலத்தில் ஒரு மைதானத்தில்' என்பதோடு சரி. இதைப் படித்துவிட்டு நாளைக்கு ஒரு காலேஜ் பையன் தன் பிராஜெக்டில் எழுதுவான், அவனைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார், பத்து வருஷத்தில் அதுவே சரித்திரம் ஆகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவை கணபதியில் முப்பத்தாறு வருஷம் லேத் ஓட்டியவன். ரிட்டயர் ஆனபிறகு எனக்குப் பிடித்த கிறுக்கு, இங்கிலாந்தின் பழைய ஸ்பீட்வே (மண் வளையத்தில் ஓட்டுவது), கிராஸ் டிராக் (புல்தரையில் ஓட்டுவது) பைக் பந்தயங்களின் வரலாறு. கணபதியில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்துக்காரன் பந்தயம் உனக்கு எதற்கு என்று வீட்டில் கேட்காத நாள் இல்லை. காரணம் நம்ம ஜி.டி. நாயுடுதான். சின்ன வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதே மாதிரி வண்டியை வாங்கிப் பிரித்துப்போட்டுப் பார்த்தாரே, அந்தக் கதை கோயமுத்தூரில் பட்டறை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த 'ரட்ஜ்' யார் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. தேடிப் போனால் கவென்ட்ரியில் சைக்கிள் செய்துகொண்டிருந்த கம்பெனி, 1914ல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் 'சீனியர் டிடி' பைக் பந்தயத்தில் ஜெயித்தது, அப்புறம் 1930 வாக்கில் ஸ்பீட்வேக்கென்றே தனி வண்டி செய்தது. இந்த ஸ்பீட்வே என்ன என்று அடுத்த கதவைத் திறந்தேன், இன்னும் வெளியே வரவில்லை.

நம்ம கோவை செட்டிபாளையத்தில் இருப்பதும் ஸ்பீட்வேதானே என்று கேட்பீர்கள். அது கார் பந்தயக்காரர் கரிவர்தன் நினைவாகப் பெயர் வைத்த தார் ரோட்டு டிராக். அங்கே வளைவு இடமும் உண்டு வலமும் உண்டு, பிரேக்கும் கியரும் இல்லாமல் ஒரு வளைவு தாண்ட முடியாது. நான் சொல்கிற ஸ்பீட்வே வேறு ஜாதி. முட்டை வடிவத்தில் ஒரு சின்ன மண் வளையம், நான்கு பேர், நான்கு சுற்று, எல்லாம் இடப்பக்கமாகவே. 500 சிசி ஒற்றை சிலிண்டர், குடிப்பது மெத்தனால், ஒரே கியர், பிரேக் கிடையாது. ஆமாம், பிரேக்கே கிடையாது! வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இடது காலில் மாட்டிய இரும்புத் தகட்டைத் தரையில் தேய்த்துக்கொண்டே திருப்பவேண்டும். முதலில் வந்தவனுக்கு 3, அடுத்து 2, அடுத்து 1, கடைசிக்கு முட்டை. இப்படி ஒரு ஓட்டத்துக்கு ஹீட் என்று பெயர், அது முடிய ஒரு நிமிஷம் சொச்சம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஸ்பீட்வே முதன்முதலாக எங்கே நடந்தது? பெரும்பாலானோர் சொல்லும் பதில், 1928 பிப்ரவரி 19, எசெக்ஸில் எப்பிங் காட்டை ஒட்டி ஹை பீச் என்ற இடத்தில், கிங்ஸ் ஓக் என்ற மதுக்கடைக்குப் பின்னால். நடத்தியவர்கள் மூவாயிரம் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தார்களாம், வந்த கூட்டத்தை இருபதாயிரம் என்பாரும் உண்டு, முப்பதாயிரம் என்பாரும் உண்டு. கூட்டம் வளையத்துக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் நின்றது, நடுவில் ஒரு கயிறுதான். பில்லி கேலோவே, கீத் மெக்கே என்ற ரெண்டு ஆஸ்திரேலியர்களும் ஓட்டினார்கள். தேதி இருக்கிறது, போட்டோ இருக்கிறது, கணக்கு முடிந்தது என்று நினைப்போம்.

முடியவில்லை. அதற்கு ஒன்பது மாதம் முன்னாலேயே, 1927 மே 7ல், கேம்பர்லியில் மணல் தரையில் ஒரு பந்தயம் நடந்திருக்கிறது. இதுதான் முதல் என்று ஒரு கட்சி. ஆனால் அங்கே வலப்பக்கமாகச் சுற்றினார்கள், அதனால் இது ஸ்பீட்வேயே அல்ல என்று எதிர்க்கட்சி. அதே வருஷம் ஜூன் 25ல் மான்செஸ்டர் பக்கம் டிராய்ல்ஸ்டனில் ஒன்று நடந்தது, அதற்கும் ஒரு கட்சி. ஹை பீச்காரர்கள் கேட்பது, சறுக்கி ஓட்டும் ஆட்டமாக ஜனங்கள் மத்தியில் இது பற்றிக்கொண்டது எங்கே என்பதை. மூன்று கட்சிக்கும் கையில் தேதி இருக்கிறது. சண்டை தேதியைப் பற்றியே அல்ல, எதை ஸ்பீட்வே என்று சொல்வது என்பதைப் பற்றி. இது எனக்கு உறைக்கவே ரெண்டு வருஷம் ஆனது. 'முதல்' என்று எழுதுகிறவர் முதலில் 'எதில் முதல்' என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஆஸ்திரேலியாவில் ஜானி ஹாஸ்கின்ஸ் என்றொரு மனிதர். நியூசிலாந்தில் பிறந்தவர். 1923 டிசம்பர் 15ல் வெஸ்ட் மெய்ட்லேண்ட் என்ற ஊரில், விவசாயக் கண்காட்சி மைதானத்தில், விளக்கு வெளிச்சத்தில் பைக் பந்தயம் நடத்தினார். ஸ்பீட்வேயின் தகப்பன் என்று இவரைத்தான் சொல்கிறார்கள், அவரும் மறுக்கவில்லை. அதற்கு முன்பே அமெரிக்காவில் மண் வளையத்தில் பைக் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஹாஸ்கின்ஸ் கூட்டம் சேர்ப்பதில் மன்னன், கதை சொல்வதிலும் மன்னன். அப்படிப்பட்டவர் சொன்னதைச் சரித்திரமாக எடுத்துக்கொள்வது, எங்கள் அப்பிச்சி காங்கேயம் காளையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பத்திரப்பதிவு செய்வது போல.

சரி, இந்தப் பழைய கணக்கையெல்லாம் இங்கிலாந்துக்காரர்கள் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கேதான் எனக்குப் பொறாமை. ஸ்பீட்வே ரசிகன் பந்தயத்துக்குப் போனால் வாசலில் ஒரு புரோகிராம் வாங்குவான். அதில் ஒவ்வொரு ஹீட்டுக்கும் கட்டம் போட்டு நான்கு பேர் பெயர் அச்சாகியிருக்கும், பக்கத்தில் காலி இடம். ஹீட் முடிந்ததும் 3, 2, 1, 0 என்று தானே பென்சிலில் எழுதிக்கொள்வான். அச்சான பெயர்க்காரன் வராமல் வேறொருவன் ஓட்டினால் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதுவான். விழுந்தால் ஒரு குறி, விலக்கினால் ஒரு குறி. இப்படி லட்சக்கணக்கான பேர் வாராவாரம் செய்து, அதில் கொஞ்சம் பேர் தூக்கிப் போடாமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்ததால்தான் இன்றைக்கு 1930களில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆறாவது ஹீட்டில் மூன்றாவதாக வந்தவன் யார் என்று சொல்லமுடிகிறது.

ஒரு சூட்சுமம் உண்டு. பென்சில் படாத புரோகிராம் அழகாக இருக்கும், விலையும் அதிகம். ஆனால் ஆராய்ச்சிக்கு அது அரைச் சாட்சிதான். பந்தயத்துக்கு முன்னால் அச்சடித்தது, அதில் பெயர் உள்ளவன் அன்றைக்கு ஓட்டினான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மழையில் பந்தயமே நின்றிருக்கலாம். யாரோ ஒருவன் கிறுக்கிவைத்த அழுக்குப் புரோகிராம்தான் முழுச் சாட்சி. அதையும் மறுநாள் உள்ளூர் பத்திரிகைச் செய்தியோடு வைத்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள், ஏனென்றால் ரசிகனும் கோபத்தில் தப்பாக எழுதுவான்.

பெயர்த் தலைவலி வேறு. ப்ளூயி வில்கின்சன் என்பவரின் நிஜப் பெயர் ஆர்தர். செம்பட்டைத் தலைக்காரனை ப்ளூயி என்று கூப்பிடுவது ஆஸ்திரேலியர் வழக்கமாம். ஸ்ப்ரவுட்ஸ் எல்டர் என்ற அமெரிக்கரின் பெயர் லாயிட். இதைப் படித்தபோது நம்ம ஊர் ரேக்ளா நோட்டீஸ்தான் ஞாபகம் வந்தது. 'மேக்காலத் தோட்டத்து மணி' என்று போட்டிருப்பார்கள். எந்த ஊர் மேக்காலத் தோட்டம், எத்தனை மணி? இன்னும் இருபது வருஷம் கழித்து யாரைக் கேட்பது?

இந்த வில்கின்சன் கதையை மட்டும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1936 செப்டம்பர் 10, லண்டன் வெம்பிளி, ஸ்பீட்வேயின் முதல் உலகச் சாம்பியன் இறுதிப்போட்டி. அன்று ராத்திரி தான் ஓட்டிய ஐந்து ஹீட்டிலும் முதலாவதாக வந்தவர் வில்கின்சன், முழு 15 புள்ளி. ஆனால் சாம்பியன் அவர் இல்லை! அதற்கு முந்தைய சுற்றுகளில் எடுத்ததற்குத் தனியாகப் போனஸ் புள்ளி கூட்டினார்கள், கூட்டிப் பார்த்ததில் லயனல் வான் ப்ராக்கும் எரிக் லாங்டனும் தலா 26, வில்கின்சன் 25. இருவருக்கும் தனியாக ஒரு ஓட்டம் வைத்து வான் ப்ராக் ஜெயித்தார். ஒரு ஹீட்கூடத் தோற்காதவன் மூன்றாமிடம். 1938ல் பட்டம் வாங்கிவிட்டார் என்பதில் எனக்கே ஒரு திருப்தி. ஆக, 'முதல் உலகச் சாம்பியன் வான் ப்ராக்' என்று ஒரு வரியில் எழுதினால் தப்பில்லை, ஆனால் அந்த வரியைப் படிப்பவனுக்கு அன்று ராத்திரி நடந்தது எதுவும் தெரியாது. உங்கள் கட்டுரையின் நாலு 'முதன்முதலாக'வும் அந்த ஒரு வரி மாதிரிதான்.

கிராஸ் டிராக் இதைவிடச் சிரமம். ஸ்பீட்வேக்காவது ஸ்டேடியம் உண்டு. லண்டனில் வெஸ்ட் ஹாம் அணி ஓட்டிய ஸ்டேடியம் 1972ல் போய் வீடுகளாகிவிட்டது என்றாலும் அங்கே ஒரு தெருவுக்கு ஹாஸ்கின்ஸ் பெயரும் இன்னொன்றுக்கு வில்கின்சன் பெயரும் இருக்கின்றன. கிராஸ் டிராக் நடப்பது ஏதோ ஒரு விவசாயியின் புல்வெளியில். ஒரு நாள் குச்சி நட்டுக் கயிறு கட்டுவார்கள், ஓட்டுவார்கள், சாயந்திரம் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அடுத்த வாரம் அங்கே மாடு மேயும். நம்ம காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்), கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல் மேல் நாலு பேர் பைக்கை முறுக்கினால் எப்படியோ, கிட்டத்தட்ட அப்படி. வண்டியும் கொஞ்சம் வேறு, பள்ளம் மேட்டுக்காகப் பின்னாலும் ஸ்பிரிங் இருக்கும், கியரும் ஒன்றுக்கு மேல் இருக்கும். தடயம் விட்டுப் போனவை குறைவு. பிராண்ட்ஸ் ஹேட்ச் ஒரு விதிவிலக்கு. பின்னாளில் ஃபார்முலா ஒன் கார்கள் ஓடிய அந்த டிராக், ஆரம்பத்தில் பைக்குகள் ஓடிய வெறும் புல்வெளி, தார் போட்டது 1950ல்தான்.

ரேக்ளா நமக்கு அந்தக் கிராஸ் டிராக் மாதிரி. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று அளந்து, கடிகாரம் வைத்து ஓட்டுகிறோம், நொடிக்கணக்கில் ஜெயிப்பு தோற்பு. நேரம் எழுதிய நோட்டு யாரோ ஒரு கமிட்டிக்காரர் வீட்டில் இருந்திருக்க வேண்டும். பந்தயம் முடிந்து ஜோடிக் காளைக்குத் தண்ணி காட்டும்போது அந்த நோட்டு எங்கே போனது என்று யார் கவலைப்பட்டார்கள்? 2014ல் சுப்ரீம் கோர்ட் தடை வந்தபோது இது எத்தனை காலப் பழக்கம் என்ற பேச்சு ஊரெல்லாம் நடந்ததே, அப்போதும் வாய் நிறைய 'தலைமுறை தலைமுறையாக' என்றோமே தவிர, எங்கள் ஊரில் யாரும் ஒரு பழைய நோட்டீஸை எடுத்துக் காட்டவில்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஊரை மட்டும் திட்டினால் நியாயமில்லை. என் மாமா ஒருவர் ரேக்ளா பைத்தியம், கூடவே சென்னைப் பக்கம் சோழவரம் விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடந்த காலத்தில் ரயில் ஏறிப் போய்ப் பார்த்து வருவார். நோட்டீஸ், டிக்கெட், பேப்பர் கத்தரிப்பு எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு அட்டாலியில் வைத்திருந்தார். அவர் போனபிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்தப் பை கிலோ எட்டு ரூபாய்க்குப் பழைய பேப்பர் கடைக்குப் போனது. தூக்கிக் கொடுத்தது நான்தான். அப்போது இந்தக் கிறுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மிஞ்சியது ரெண்டு ரேக்ளா நோட்டீஸ், அதுவும் அலமாரித் தட்டில் விரித்துக் கிடந்ததால் தப்பியது. ஒன்றில் தேதி இருக்கிறது, மாதம் இருக்கிறது, வருஷம் இல்லை. கிழமையும் தேதியும் பொருந்துகிற வருஷங்களைப் பஞ்சாங்கத்தில் தேடி, நோட்டீஸில் ஒரு பம்ப்செட் விளம்பரத்தில் இருந்த டெலிபோன் நம்பரின் இலக்கங்களை எண்ணி, ரெண்டு வருஷத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இங்கிலாந்துக்காரர்களின் பென்சில் புரோகிராம்தான்.

அதனால் உங்களிடம் கேட்பது ரெண்டு. ஒன்று, 'முதன்முதலாக' என்று யாராவது எழுதிக் கொடுத்தால் எந்தத் தேதி, எந்த இடம், எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அச்சடியுங்கள். பதில் இல்லையென்றால் 'பழைய பந்தயங்களில் ஒன்று' என்று போடுங்கள், யாருக்கும் ஒன்றும் குறையாது. அப்புறம், ஞாயிறு மலரில் ஒரு ஓரத்தில் சின்னக் கட்டம் கட்டி, பழைய ரேக்ளா நோட்டீஸ், மோட்டார் பந்தய டிக்கெட், பின்னால் பெயர் எழுதிய போட்டோ வைத்திருப்பவர்கள் போனில் படம் எடுத்து அனுப்பலாம் என்று கேளுங்கள். அசலை யாரும் தரவேண்டாம், கேட்கவும் வேண்டாம். கொடுத்த அசல் திரும்பிவராது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

என்னிடமுள்ள ரெண்டு நோட்டீஸையும் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். வருஷம் இல்லாத அந்த நோட்டீஸ் பந்தயத்தைப் பற்றி மறுநாள் உங்கள் பேப்பரிலேயே நாலு வரி வந்திருக்கலாம். ஆபீஸில் பழைய கட்டுகள் இருந்தால் ஒரு நாள் உட்கார்ந்து புரட்டிப் பார்க்க அனுமதி கொடுங்கள். கை கழுவிவிட்டுத்தான் தொடுவேன், மத்தியானச் சோறும் நானே கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய டர்னர்,
கணபதி, கோவை.