90,000 தட்டுகளுக்கு ஒரு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

என் மனச்சோர்வு சிகிச்சையில் கூட நின்ற ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்வதுதான் முறை. வந்தால் நான் அழுவேன், நீங்களும் அழுவீர்கள், காபி ஆறிவிடும். அதனால்தான் இந்த மடல்.

என் வீட்டுக்காரர் இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் நான் அழுததை யாரும் தப்பாக நினைக்கவில்லை. இரண்டாம் வருஷம் "மனசைத் தேத்திக்கோ" என்றார்கள். அப்புறம் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் போவேன், பாடம் நடத்துவேன், வீட்டுக்கு வந்து அவர் செருப்பு கிடக்கும் வாசப்படியில் இருட்டும்வரை உட்கார்ந்திருப்பேன். அவர் செல் நம்பருக்கு 84 நாளுக்கு ஒரு தடவை ரீசார்ஜ் மட்டும் மறக்காமல் செய்வேன்.

முதல் நன்றி என் நாத்தனாருக்கு. "அண்ணி, எனக்கும் அவர் அண்ணன்தானே. நானும் அழறேன். ஆனா சாப்பிடறேன், தூங்கறேன். உங்களுக்கு ரெண்டுமே இல்ல. கிளம்புங்க" என்று சொல்லி, ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர் மனநல டாக்டரிடம் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர் அவர்.

டாக்டருக்கு நன்றி சொல்வது அவருடைய மருந்துக்காக இல்லை. இரண்டு மாத்திரை மாற்றியும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய நேர்மைக்காகத்தான் சொல்கிறேன். "உங்களுக்கு இருப்பது இரண்டு. ஒன்று மனச்சோர்வு. இன்னொன்று ஆறாமல் நின்றுபோன துக்கம்" என்றார். அந்தத் துக்கத்துக்குத் தனிப் பெயரே இருக்கிறதாம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் கணக்கில் எடுக்கிறார்கள். 2022ல் அமெரிக்க மனநலக் கையேட்டில் சேர்த்தபோது பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்று வைத்தார்கள். மாத்திரைக்கு அசையாத மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை உண்டு, அமெரிக்காவில் 2008லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றவர், உடனே இதையும் சேர்த்துச் சொன்னார்: "துக்கத்துக்கு இந்த மெஷின் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. அதற்குப் பேச்சுதான் வழி. ஆனால் உட்கார்ந்து பேச உங்களுக்குத் தெம்பு வேண்டுமே." என்னிடம் எதை வேண்டுமானாலும் விற்றிருக்கலாம். அந்த நிலையில்தான் இருந்தேன்.

மின்காந்தத் தூண்டல். பிளஸ் டூ, நான்காவது அலகு. வருஷா வருஷம் போர்டில் ஃபாரடேயை எழுதிப் போட்ட எனக்கு, அவர் 1831ல் கண்டுபிடித்தது ஒரு நாள் என் மண்டைக்குள்ளேயே வேலை செய்யும் என்று தோன்றியதே இல்லை. கம்பிச் சுருளில் ஒரு கணம் மின்சாரம் பாயும். காந்தப்புலம் எழுந்து அடங்கும். மண்டையோடு அதைத் தடுக்காது. அடியில் இருக்கும் மூளை நரம்பில் சின்ன மின்னோட்டம் பிறக்கும். 1985ல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் கூட இருந்தவர்களும் இதை முதலில் செய்து காட்டினார்கள். மயக்க ஊசி கிடையாது. "தலைக்குக் கரண்ட் வைக்கிறாங்களாம்" என்று தெருவில் பேசியவர்களுக்கு இந்தப் பத்தி. ஷாக் சிகிச்சை வேறு, இது வேறு. அபூர்வமாக வலிப்பு வரலாம் என்று முன்னாடியே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு வந்தது முதல் வாரத் தலைவலி மட்டும்தான்.

மெஷினை இயக்கிய பெண்ணே, உன்னைப் பற்றி நிறைய எழுத வேண்டும். முதல் நாள் என் வலது கட்டைவிரல் துடிக்கும்வரை சுருளை நகர்த்தி நகர்த்தி அளவு பார்த்தாய். தலையில் உலோகம் கூடாது என்றதும் என் மூக்குத்தி வரவே மாட்டேன் என்றது. அவர் போன அன்று பெரியம்மா கழற்றச் சொல்லி நான் கழற்றாத மூக்குத்தி அது. தேங்காய் எண்ணெய் தொட்டு, பொறுமையாகத் திருகி எடுத்து, முடிந்ததும் நீயே மறுபடி போட்டுவிட்டாய். முப்பது நாளும்.

நான்கு விநாடி மரங்கொத்தி மாதிரி டக்டக்கென்று நாற்பது தட்டு, பிறகு 26 விநாடி ஓய்வு. இப்படி 75 முறை, முப்பத்தேழரை நிமிஷம். ஒரு நாளைக்கு 3,000 தட்டு. அந்த 26 விநாடிகளில்தான் நீ உன் கண்டக்டர் அப்பா கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாய். மெஷின் தட்டும்போது கதை நிற்கும், அப்புறம் விட்ட இடத்தில் தொடரும். மூன்றாம் வாரம் அடுத்த துண்டுக்காக நான் காத்திருந்தேன். ஒன்றுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்றே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆட்டோ அண்ணனுக்கும் ஒரு கதை உண்டு. 17ஆம் நாள், "ஏண்ணே சுத்திப் போறீங்க?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ரோடு தோண்டிப் பத்து நாளாச்சு டீச்சர். இன்னைக்குத்தான் கேக்கறீங்க."

என் முதல் இரண்டு பீரியடை மதியத்துக்கு மாற்றிய தலைமையாசிரியைக்கும், மாற்ற முடியாத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொண்ட கெமிஸ்ட்ரி சாருக்கும் நன்றி. வெளிநோயாளி சிகிச்சை என்று சொல்லி இன்சூரன்ஸில் கைவிரித்துவிட்டார்கள். உடம்பு நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது, சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த மாதம் தன் சீட்டை எனக்கு எடுத்துக்கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கு இன்னும் நான்கு தவணை பாக்கி.

துக்கத்துக்குப் பேச்சு சிகிச்சை தந்த கவுன்சலிங் அம்மாவோடு பதினாறாவது சந்திப்பு போன வாரம் முடிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கழிந்த அந்தக் கடைசி ராத்திரியை முழுதாகச் சொல்ல வைத்து, ரெக்கார்ட் செய்து, வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார். கோபம் வந்தது. இரண்டு நாள் அவர் போனையே எடுக்கவில்லை. அம்மா, அதற்கு மன்னிப்பும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். மெஷினுக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் முதல் நாளே ஓடியிருப்பேன்.

துக்கம் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை. செருப்பை உள்ளே எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று அவர் நம்பருக்கு ரீசார்ஜ் முடியப்போகிறது என்று மெசேஜ் வந்தது. இந்தத் தடவை 28 நாளுக்குப் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஃபிசிக்ஸ் டீச்சர்,
ஸ்ரீரங்கம்