தேர்வு போனதா, தரம் போனதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்ப்பால் கொடுப்பதில் தாய்மார்களுக்கு உதவும் பாலூட்டல் ஆலோசகர்களின் சான்றிதழ் புதுப்பிப்பு விதிகள் மாறியிருப்பது குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதியே தீர வேண்டிய தேர்வு இனி கட்டாயமில்லை என்பதால் இந்தத் தொழிலின் தரமே சரிந்துவிட்டதாகக் கட்டுரையாளர் வருந்துகிறார். இதே தொழிலில் இருப்பவள் என்ற முறையில் அதை மறுக்கிறேன். கவலைப்பட ஒரு விஷயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது தேர்வு அல்ல.

விதியைப் பற்றிக் கட்டுரை அரைகுறையாகவே சொல்லியிருப்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலுக்கான ஐ.பி.சி.எல்.சி. (IBCLC) என்ற தகுதியை வழங்குவது ஐ.பி.எல்.சி.இ. (IBLCE) என்னும் சர்வதேச வாரியம். அதன் முதல் தேர்வு 1985இல் நடந்தது. சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். முன்பெல்லாம் ஐந்தாம் ஆண்டில் தொடர்கல்வி வகுப்புகளில் படித்த மணி நேரங்களைக் கணக்குக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். பத்தாம் ஆண்டில் தேர்வு எழுதியாக வேண்டும். இப்போது அந்தத் தேர்வுக்குப் பதிலாக ஒரு சுயமதிப்பீடு வந்திருக்கிறது. அதில் ஒருவர் எந்தெந்தப் பிரிவுகளில் பின்தங்கியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். அதற்கேற்ப அவர் படிக்க வேண்டியவை வகுத்துத் தரப்படும். ஐந்து ஆண்டுகளில் 75 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரம் படித்தால் ஒரு புள்ளி. 75இல் குறைந்தது 50 பாலூட்டல் சார்ந்தவையாகவும், 5 தொழில்நெறி சார்ந்தவையாகவும் இருக்க வேண்டும். இவற்றோடு 250 மணி நேரத் தொழில் அனுபவமும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியும் கேட்கிறார்கள். ‘ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது’ என்று எழுதும் அளவுக்கு இதில் எதுவும் போய்விடவில்லை.

பழைய முறை உண்மையில் எதைக் காத்தது? ஓர் உதாரணம் சொல்கிறேன். பால் கட்டிக்கொண்டு மார்பு சிவந்து வலிக்கும் தாயிடம் நாங்கள் பல காலம் சொல்லி வந்தது இதுதான்: வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், கட்டியை நன்றாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள், பம்ப் வைத்தாவது மார்பைக் காலியாக்குங்கள். 2022இல் தாய்ப்பால் மருத்துவ அகாடமி என்னும் மருத்துவர் அமைப்பு வெளியிட்ட 36ஆம் சிகிச்சை நெறிமுறை இதைத் தலைகீழாக்கியது. திசு வீங்கிப் பால்நாளங்களை நெருக்குவதுதான் பிரச்சினை என்றும், அழுத்தித் தேய்ப்பது திசுவை மேலும் புண்ணாக்கும் என்றும் அது சொன்னது. விடாமல் பாலை வெளியேற்றினால் உடல் இன்னும் அதிகமாகப் பால் சுரக்கும், வீக்கமும் கூடும். ஆகவே குளிர் ஒத்தடம், அழற்சியைத் தணிக்கும் மாத்திரை, குழந்தை கேட்கும்போது கேட்கும் அளவுக்குப் பால் கொடுப்பது, இவை போதும். ஆன்டிபயாடிக் மருந்து, பாக்டீரியா தொற்று இருந்தால் மட்டுமே.

2021இல் தேர்வெழுதித் தேறிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். பழைய விதிப்படி அவருக்கு அடுத்த கட்டாயத் தேர்வு 2031இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எத்தனை தாய்மார்களிடம் ‘நன்றாகத் தேய்த்துவிடுங்கள்’ என்று சொல்லியிருப்பார்! தேர்வு அவரைத் தடுத்திருக்குமா? பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 175 கேள்விகளுக்காக மூன்று மாதம் உருப்போட்டு, எழுதி முடித்ததும் மறந்துவிடுகிறவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பத்தாண்டு என்பது இந்தத் துறையில் மிக நீண்ட காலம்.

பாடப்புத்தகம் கூடத் தாமதமாகத்தான் திருந்துகிறது. முலைக்காம்பின் பின்னால் பால் தேங்கி நிற்கும் சிறு பைகள் இருப்பதாக எங்கள் புத்தகங்களில் படம் இருந்தது. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் வெளியிட்ட உடற்கூறு நூலின் வழியில் வந்த படம் அது. 2005இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பாலூட்டும் பெண்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது அப்படிப்பட்ட பைகள் எதையும் காணவில்லை. அதற்குப் பிறகும் அந்தப் படம் உடனே மறைந்துவிடவில்லை.

அதனால்தான் சுயமதிப்பீட்டை வரவேற்கிறேன். நம் விருப்பத்துக்கு விட்டால் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த தலைப்புகளிலேயே போய் உட்காருவோம். மருந்தியல் என்றாலே ஒதுங்கிப்போகிறவர்கள் எங்களில் ஏராளம். நீ பலவீனமாக இருக்கும் இடம் இது, இங்கேதான் படிக்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஏற்பாடு இருப்பது நல்லது.

என் கவலை அடுத்த படியில்தான் தொடங்குகிறது. அந்த 75 மணி நேரத்தையும் யார் கற்பிக்கிறார்கள், அதற்கு யார் பணம் தருகிறார்கள்?

வகுப்புக்குப் பணம் தருவது பால் பவுடர் நிறுவனம் என்றால் எங்களில் யாரும் ஏமாறுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை 1981இலேயே தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை குறித்து ஒரு சர்வதேச நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. இத்தகைய நிறுவனங்கள் மருத்துவத் துறையினரின் கூட்டங்களுக்குப் பணம் தரக்கூடாது என்று 2016இல் அந்தப் பேரவையின் முன் வைக்கப்பட்ட வழிகாட்டல் வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தப் பக்கம் காவல் இருக்கிறது. காவல் இல்லாத பக்கங்கள்தான் இப்போது பெருகுகின்றன. தாய்ப்பால் பம்ப் அந்த நெறிமுறையில் வராது. பால்புட்டியும் ரப்பர் காம்பும் வரும். பம்ப் மட்டும் விற்கும் நிறுவனம் பம்ப் பற்றி இலவச வகுப்பு நடத்தினால் யார் கேட்பது? பால் பெருக்கும் மாத்திரை விற்பவர் மருந்தியல் வகுப்பு எடுத்தால்?

இதைவிடச் சிக்கலானது நாக்கு ஒட்டு, அதாவது நாக்கடிச் சவ்வு இறுகி நாக்கு சரியாக அசையாமல் இருப்பது. குழந்தையின் நாக்கடியில் இருக்கும் சவ்வை வெட்டிவிட்டால் பாலூட்டும் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை காட்டுத்தீயாகப் பரவியிருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2024இல் வெளியிட்ட அறிக்கை நிதானம் கேட்கிறது: பால் குடிக்கச் சிரமப்படுவதற்கு வேறு காரணங்கள் பல உண்டு, தொல்லை தராத நாக்கு ஒட்டுக்குச் சிகிச்சையே வேண்டாம், முடிவெடுக்கும் முன் பாலூட்டலை முழுமையாகக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தத் தலைப்பில் வகுப்பெடுக்க முன்வருகிறவர்களில் அந்தச் சவ்வை வெட்டியே சம்பாதிப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. கேட்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

சுயமதிப்பீடு இந்தச் சிக்கலைக் கொஞ்சம் கூட்டவும் செய்கிறது. ‘நோயியலில் நீ பின்தங்கியிருக்கிறாய்’ என்று தாள் வந்துவிட்டது. அந்தப் பிரிவில் கட்டணம் கட்டிப் படிக்கும் வகுப்பு ஒன்று, இலவச வகுப்பு ஒன்று. மருத்துவமனை வேலையில் இருப்பவருக்கு நிர்வாகம் கட்டணத்தைத் தரக்கூடும். தனியாகத் தொழில் செய்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

தொடர்கல்வி வகுப்புகளுக்கு அங்கீகாரம் தருபவர்களிடம் நான் கேட்பது இரண்டே. பாடத்தின் தலைப்பு, நேரம், பேச்சாளரின் பட்டம் ஆகியவற்றைக் காகிதத்தில் பார்த்து ஒப்புதல் தருவதோடு நிறுத்தாமல், நடந்த வகுப்புகளில் சிலவற்றை முன்னறிவிப்பின்றிக் கேட்டுப் பாருங்கள். அடுத்து, வகுப்புக்கு யார் பணம் தந்தார்கள், பேச்சாளருக்கு எதிலிருந்து வருமானம் வருகிறது என்பதை எங்கள் கைக்கு வரும் சான்றிதழிலேயே அச்சிடுங்கள். பதிவு செய்யும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

250 மணி நேர அனுபவ விதியைப் பற்றியும் எழுத ஆசைதான். கற்பிப்பதும் நிர்வாகமும் அதில் கணக்காகும் என்பதால் ஐந்து ஆண்டுகளில் ஒரு குழந்தை பால் குடிப்பதைக்கூட நேரில் பார்க்காமல் புதுப்பித்துக்கொள்ள முடியும். அதைத் தனியாக ஒரு கடிதத்தில் எழுதுகிறேன்.

கடைசியாக, உங்கள் இதழுக்கே ஒரு கேள்வி. அந்தக் கட்டுரை வந்த அதே இதழின் பின்பக்கத்தில், தாய்ப்பால் பம்ப் வாங்கும் ஆலோசகர்களுக்குச் சான்றிதழுடன் பயிற்சி வகுப்பு இலவசம் என்று ஒரு விளம்பரம் இருந்தது. அந்த வகுப்புக்கு அங்கீகாரம் அளித்தது யார் என்று விசாரித்து அடுத்த இதழில் வெளியிடுவீர்களா?

இப்படிக்கு,
ஒரு பாலூட்டல் ஆலோசகர்