ரெண்டு கையிலயும் பிரஷர் பாருங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

எங்க அக்காவுக்கு ஒன்றரை வருஷமா அசதி, விட்டு விட்டு காய்ச்சல், கொடியில துணி காயப்போட கைய தூக்கினா ரெண்டு நிமிஷத்துல இடது கை கடுக்கும், எத்தனை தடவை டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தோம்னு கணக்கே இல்ல, போன இடத்துலல்லாம் சத்துக்குறைவு, டென்ஷன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கடைசில ஒரு டாக்டரம்மா ரெண்டு கை நாடியையும் ஒரே நேரத்துல பிடிச்சு பாத்தாங்க, இடது பக்கம் தட்டுறதே சரியா தெரியல. பிரஷர் பாத்தா மேல் அளவு வலது கையில 150, இடது கையில 100. காலர் எலும்புக்கு மேல ஸ்டெதஸ்கோப் வச்சா உஸ்ஸுன்னு சத்தம்.

டகயாசுங்கிற ரத்தக்குழாய் நோய்னு சொன்னாங்க. பெரிய ரத்தக்குழாய்ச் சுவர் அழற்சியில வீங்கித் தடிச்சு உள்வழி சுருங்கிடுமாம், 40 வயசுக்குள்ள இருக்குற பெண்களுக்குத்தான் அதிகம் வருது. அதுவரைக்கும் எல்லாரும் அந்த இடது கையிலயே பட்டையை சுத்தி லோ பிரஷர், உப்பு சேத்துக்கோங்கன்னு சொன்னாங்க, ஆனா நிஜ பிரஷர் ஏறிக்கிட்டு இருந்திருக்கு! இத நெனச்சா இன்னும் மனசு ஆறல. ரெண்டு கைக்கும் 10க்கு மேல வித்தியாசம் வந்தா திரும்ப அளந்து பாக்கணும், அவ்வளவுதான் கேக்குறேன்.

ரத்தக்குழாய் அழற்சியில பல வகை இருக்கு, நிறைய கையால தொட்டாலே துப்பு குடுக்கும். 50 தாண்டினவங்க புதுசா தலைவலி, சீப்பு பட்டா வலிக்குது, மென்னா தாடை கடுக்குதுன்னு சொன்னா நெத்திப்பொட்டத் தொட்டுப் பாக்கணும், அங்க குழாய் கயிறு மாதிரி தடிச்சிருக்கலாம், தொட்டா வலிக்கலாம். அந்த வகை அழற்சிக்கு வைத்தியத்த லேட் பண்ணினா கண்பார்வை போயிடலாம், போனா பெரும்பாலும் திரும்பாது, அதனாலதான் பயாப்ஸி ரிசல்ட்டுக்குக் கூட காத்திருக்காம ஸ்டீராய்டு ஆரம்பிக்கிறாங்க.

சாக்ஸ கழட்டி காலையும் பாக்கணும். விரலுக்குத் தட்டுப்படுற சிவப்புப் புள்ளி, கண்ணாடி டம்ளர வச்சு அழுத்தினாலும் மறையலன்னா தோலுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்ப யூரின்லயும் ரத்தமும் புரோட்டீனும் பாத்தே ஆகணும், கிட்னி கெட்டாலும் வலி தெரியாது. குதிகால்ல நிக்கச் சொன்னா ஒரு பாதம் மட்டும் தொங்குதுன்னா நரம்புக்குப் போற சின்ன குழாய் அடிபட்டிருக்கலாம். இதெல்லாம் பாக்க பத்து நிமிஷம் போதும்.

டாக்டர் கேக்கலன்னாலும் நாமளே இன்னொரு கையையும் நீட்டலாம், தப்பே இல்ல. எங்க அக்கா இப்ப அப்படித்தான் செய்றாங்க.

இப்படிக்கு,
ஒரு தம்பி